முதியோர் வலிமையும் அறுவைச் சிகிச்சையும்

(திருவண்ணாமலையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் வைத்தியத்தைப் பொருளாகக் கொண்டு பேச முன்வந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பை விளைவிக்கலாம். யான் வைத்தியம் பயின்றவனல்லேன். பயின்றோர் ஆராய்ந்து வெளியிட்டவற்றைப் படித்து, அவற்றுள் நம் இல்லங்களுக்கு இன்றியமையாதனவற்றைத் தொகுத்து, யாவர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே யான் மேற்கொண்ட பணி. ஆதலின், யான் கூறுவனவற்றைக் கேட்டு, வினாவ வேண்டியவற்றை உங்கள் மருத்துவரிடமே வினாவித் தெளிந்துகொள்வீர்களாக. மருத்துவர் சொல்லுக்கு மாற்றாக என் சொல்லை ஒருவரும் கொள்ளலாகாது.

இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள், புற்றுநோயுற்ற முதியோர்க்குச் செய்யப்பெறும் இரண சிகிச்சையும், அதனைத் தாங்குதற்கு வேண்டும் தசை வலிமையும் ஆம். நம் முன்னோர் இரண சிகிச்சை என்று வழங்கியதையே இன்று அறுவைச் சிகிச்சை என்கிறோம்.

நம் குடும்பங்களில் வயது முதிர்ந்த ஒருவர்க்குப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியவுடன் நிகழ்வது யாது? இரண்டு பேச்சுக்கள் எழுகின்றன. “இந்த வயசில் இனிக் கத்தி எதற்கு? இருக்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கட்டும்” என்பது ஒன்று. “ஆயா, நீ ஒன்றுஞ் செய்யாதே, எழுந்திருக்காமல் படுத்திரு, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது மற்றொன்று. இரண்டும் அன்பிற் பிறந்தனவே. ஆயினும், முன்னது குணமாகத்தக்க நோயையும் குணமாகாததாக்கிவிடுகின்றது. பின்னது, சிகிச்சை செய்துகொள்ள இசைந்தோர்க்கும் அதனைத் தாங்கும் ஆற்றலைச் சிகிச்சை நாளுக்கு முன்னரே அழித்துவிடுகின்றது. இவ்விரண்டையும் நம் இல்லங்களினின்று நீக்குதல் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முதலாவது, வயதென்னும் அச்சத்தை ஆராய்வோம். வள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில், வைத்தியஞ் செய்வான் நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலத்தின் நிலை ஆகிய மூன்றையும் எண்ணித் தொழிற்படல் வேண்டும் என்று அறிவுறுத்தினார். நோயாளியின் நிலை என்பதை விரிக்குமிடத்துப் பரிமேலழகர், பருவத்தை ஒன்றாகவும் வலியை மற்றொன்றாகவும் தனித்தனியே எண்ணிச் செல்கின்றார். பருவம் வேறு, வலி வேறு என்பது அதனாற் பெறப்படும். நம் கண்முன் காண்பதும் அதுவே. எழுபது வயதினர் இருவருள் ஒருவர், செங்கம் பக்கத்துக் கழனியில் இன்றும் புல்லுக்கட்டைத் தூக்குகின்றார். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து, மறுநாட் காலை தம் வேலையைப் பார்க்கின்றார். மற்றவரோ, நாற்காலியினின்று எழுவதற்கு இரு கைகளையும் ஊன்றுகின்றார். கடைத்தெரு வரை செல்வதற்குள் இருமுறை நிற்கின்றார். ஏட்டில் இருவர்க்கும் வயது ஒன்றே. அறுவைச் சிகிச்சை மேசையின்மீது இவ்விருவரும் ஒருவராகார்.

இக்காலத்து முதியோர் புற்றுநோய் மருத்துவத்தின் தெளிந்த முடிபும் இதுவே. வயதை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவர்க்குச் சிகிச்சையை மறுத்தலாகாது. அவருடைய நடை, வலிமை, உணவு, நினைவாற்றல், பிற நோய்கள், வீட்டில் துணையிருப்பார் ஆகியவற்றை அளந்தறிந்தே முடிவு செய்தல் வேண்டும் என்பர். மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் 2018-ஆம் ஆண்டு முதல், புற்றுநோயுற்ற முதியோரை இவ்வாறு அளந்தறிதற்கென்றே தனிப் பிரிவொன்று நடைபெற்று வருகின்றது.

நம் நாட்டில் இவ்வினாவிற்கே இடமில்லாதிருந்த காலமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923-ஆம் ஆண்டில் புற்றுநோயினால் இறந்தார். அத்துயரமே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் எண்ணத்தை அம்மையார் உள்ளத்தில் ஊன்றியது. முப்பதாண்டு முயற்சியின் பயனாக, அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1954-இல் 12 படுக்கைகளோடு அது தன் பணியைத் தொடங்கிற்று. அந்நாளில் நோயாளிக்கிருந்த கவலை, ‘மருத்துவர் உளரோ, இடம் உளதோ’ என்பதே. இன்றோ, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அண்மையில் உள்ளது. நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. மயக்க மருந்து கொடுக்கும் கலையும் பெரிதும் முன்னேறியுள்ளது. ஆதலின் கேள்வி மாறிவிட்டது. ‘அறுப்பார் உளரோ’ என்பது போய், ‘அறுத்தபின் எழுந்து நடக்கும் வலிமை உடலில் உளதோ’ என்பது வந்துள்ளது. முன்னதற்கு விடை மருத்துவமனையில் இருந்தது. பின்னதற்குரிய விடையில் ஒரு பங்கு நம் வீட்டில் இருக்கின்றது.

வலிமை வேண்டுவது ஏன்? இதனைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல்லைச் சேமித்து வைத்த குதிர்களை உங்களிற் பெரியோர் கண்டிருப்பீர்கள். மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைக் காத்தது அக்குதிரே. நம் உடலில் தசை என்பது அத்தகைய குதிராகும். கொழுப்பைச் சேர்த்து வைப்பதற்கு உடலில் இடம் உண்டு. புரதத்திற்கு அவ்வாறு தனிக் களஞ்சியம் இல்லை. தசையே அதன் களஞ்சியம். வயிற்றையோ குடலையோ திறந்து ஒரு பெரிய அறுவை செய்தவுடன், உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் பெருவேலையில் இறங்குகின்றது. புண் ஆறல் வேண்டும். கிருமிகளை எதிர்க்கும் அணுக்கள் புதியனவாகப் பிறத்தல் வேண்டும். தைத்த குடல் ஒட்டுதல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் புரதம் வேண்டும். அவ்வேளையிலோ நோயாளியால் வயிறார உண்ண இயலாது. ஆகவே உடல் தன் குதிரைத் திறந்து தசையைக் கரைத்துச் செலவிடுகின்றது. குதிர் நிறைந்திருந்தவர் அந்நாட்களைக் கடந்துவிடுவர். முன்னரே குதிர் வெறுமையாயிருந்தவர்க்கு எடுத்துச் செலவிட யாதும் இல்லை.

இஃது ஒன்று. மற்றொன்று, வலிமையின் நேரான தொழில்களைப் பற்றியது. அறுவைக்குப் பின் சளி நெஞ்சிற் கட்டாதிருக்க, உரமாக இருமுதல் வேண்டும். இருமுவதற்கு வயிற்றுத் தசையும் மார்புத் தசையும் வேண்டும். இருமலாற்றாத முதியோர்க்கு நுரையீரலில் சளி தங்கிக் காய்ச்சல் காண்கின்றது. கால் நரம்புகளில் இரத்தம் உறையாதிருக்க, எழுந்து நடத்தல் வேண்டும். அதற்குத் தொடைத் தசை வேண்டும். சிகிச்சை நன்கு முடிந்தது என்று கூறி மருத்துவர் மகிழ்ந்த பின்னரும், பத்து நாளில் நிமோனியாவினாலோ வீழ்ச்சியினாலோ துன்புறும் முதியோர் பலர். நோய் அகன்றும், அவ்வகற்றலைத் தாங்கும் வலிமை இன்மையால் அவர்கள் இடருறுகின்றனர்.

வயது ஏறுந்தோறும் தசை குறைதல் இயற்கை. 1989-ஆம் ஆண்டில் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இக்குறைவிற்குச் ‘சார்க்கோபீனியா’ என்று பெயரிட்டார். சதை வறுமை என்பது அதன் பொருள். தசையின் அளவு குறைவதைக் காட்டிலும் அதன் வலிமை விரைவிற் குறையும் என்பது பின்னர்த் தெளியப்பட்டது. புற்றுநோய் இக்குறைவைப் பின்னும் விரைவாக்கும், நீரிழிவும் அவ்வாறே. இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. பருத்தவரெல்லாம் வலியரல்லர். கொழுப்பு மிக்கு, உள்ளே தசை குன்றியவர் பலர் உளர். “ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்” என்று கண்ணளவால் முடிவு செய்வது பிழைபடும்.

அங்ஙனமாயின் வலிமையை அளப்பது எங்ஙனம்? இதற்குப் பெரிய யந்திரங்கள் வேண்டா. கைப்பிடி வலிமையை அளக்கும் டைனமோமீட்டர் என்னும் சிறு கருவி உண்டு. அதனைக் கையிற்பற்றி இயன்றமட்டும் இறுக்கினால், அழுத்தம் இத்தனை கிலோ என்று காட்டும். ஆசிய நாட்டு அறிஞர் குழு 2019-இல் வகுத்த அளவின்படி, ஆடவர்க்கு 28 கிலோவிற்கும், பெண்டிர்க்கு 18 கிலோவிற்கும் குறைந்தால் வலிமை குன்றியது என்று கொள்வர். கருவி இல்லாதார்க்கும் அக்குழு ஒரு வழி கூறியுள்ளது. கைகளை மார்பின்மேற் கட்டிக்கொண்டு, நாற்காலியினின்று ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். அதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆயின், கால்வலிமை குறைந்ததெனக் கருதலாம். இன்றிரவே உங்கள் வீட்டில் இதனைச் செய்து பார்க்கலாம். ஆனால் முதியவர் அருகில் ஒருவர் தாங்க நிற்றல் வேண்டும். நாற்காலியைச் சுவரோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.

கைப்பிடிக்கு இத்துணைச் சிறப்பு ஏன் என்று கேட்பீர்கள். உலகில் 17 நாடுகளில், நம் நாடும் உட்பட, ஏறக்குறைய 1,40,000 மக்களிடம் கைப்பிடியை அளந்து, அவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்த ஆராய்ச்சி 2015-இல் வெளியாயிற்று. கைப்பிடி 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு நேரும் வாய்ப்பு 16 விழுக்காடு மிகுந்தது என்று அதிற் கண்டனர். நம் நாட்டிலேயே 2017-18-ஆம் ஆண்டுகளில் 72,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த முதுமை பற்றிய பேராய்விலும் கைப்பிடி அளக்கப்பட்டது. எனினும் ஒன்றை மறவாதீர்கள். கைப்பிடி என்பது காய்ச்சலை அளக்கும் தெர்மாமீட்டர் போன்றது. தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் நனைத்தாற் காய்ச்சல் தணியாது. அதுபோல, ரப்பர்ப் பந்தை நாள்முழுதும் பிசைந்து கையை மட்டும் வலுவாக்கினால் உடல் வலுப்பெறாது. உடல் முழுவதும், சிறப்பாகக் கால்களும் தொடைகளும், வலுப்பெறல் வேண்டும்.

அறுவையோடு இதற்குள்ள தொடர்பையும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 65 வயதும் அதற்கு மேலும் ஆகிய 594 பேர்க்கு அறுவைக்கு முன் ஐந்து குறிகளைச் சோதித்தனர். எடை குறைதல், கைப்பிடி குறைதல், சோர்வு, நடை தளர்தல், செயல் குன்றுதல் என்பன அவை. 2010-இல் வெளியான அதன் முடிபு இது: இக்குறிகள் மிக்குடையார்க்குச் சிகிச்சைக்குப் பின் சிக்கல்கள் மிகுதி, மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மிகுதி, தம் வீட்டிற்குத் திரும்ப இயலாது பராமரிப்பு இல்லங்களுக்குச் செல்வோரும் மிகுதி. வயதை மட்டும் நோக்கியிருப்பின் இது புலனாகியிராது.

இதுகாறுங் கூறியது அச்சுறுத்துவதற்கன்று. நற்செய்தி இனித்தான் வருகின்றது. வயதைக் குறைக்க எவராலும் இயலாது. வலிமையைக் கூட்ட இயலும். அதுவும் சில வாரங்களில் இயலும்.

1990-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில், 90 வயதளவினராகிய பதின்மர்க்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். முழுதும் முடித்த ஒன்பதின்மர்க்குக் கால்வலிமை சராசரி 174 விழுக்காடு உயர்ந்தது. தொண்ணூறு வயதிலும் தசை செவிகொடுத்துக் கேட்கின்றது என்பது இதனாற் பெறப்படும். பின்னர், அறுவைக்கு முன்னரே நோயாளியைப் பயிற்றும் முறை ஒன்றைக் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தார் வளர்த்தனர். தேர்வுக்கு முன் மாணாக்கன் படிக்கின்றான். தேர்வு முடிந்தபின் படிப்பதாற் பயன் என்ன? அதுபோல, நலிந்தபின் உடலைத் தேற்றுவதோடு அமையாது, முன்னரே தேற்றிவைத்தல் என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய மருத்துவமனைகள் சிலவற்றில் பெருங்குடற் புற்றுநோயாளர் 251 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்கு அறுவைக்கு முன் நான்கு வாரம் உடற்பயிற்சி, புரத உணவு, மனத்தேறுதல், புகை விடுத்தல் ஆகியவற்றை அளித்தனர். 2023-இல் வெளியான முடிபின்படி, கடுஞ்சிக்கல் நேர்ந்தோர் பயிற்சி பெற்றவருள் நூற்றுக்கு 17. பெறாதவருள் நூற்றுக்கு 30.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. மக்கில் பல்கலைக்கழகத்தாரே மிகவும் மெலிந்த முதியோரிடம் இம்முறையைச் சோதித்தபோது, அறுவைக்கு முன் பயிற்சி பெற்றவர்க்கும் பின் பயிற்சி பெற்றவர்க்கும் சிக்கல்களில் வேறுபாடு காணவில்லை என்று 2020-இல் வெளியிட்டனர். ஆகவே இது மந்திரமன்று. மிக நலிந்தபின் நான்கு வாரம் போதாது போலும். இதனால் நாம் கொள்ளும் பாடம், நோய் வந்தபின் தொடங்குவதினும், அறுபதைக் கடந்த நாள் முதலே வலிமையைப் பேணுதல் சிறந்தது என்பதாம்.

இனி, நம் வீட்டிற் செய்யத்தக்கன யாவை என்பதைக் கூறுவேன்.

முதலாவது இயக்கம். நோய் கண்ட நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையே பரிசோதனைகள், காப்பீட்டு அனுமதி, பணம் திரட்டல் என்று சில வாரங்கள் கழிவது வழக்கம். அவ்வாரங்களைப் பாயிற் கழிக்கலாகாது. இதன் பொருட்டுச் சிகிச்சையைத் தள்ளிவைக்கவும் ஆகாது. எப்போது என்பதை அறுவை மருத்துவரே முடிவு செய்வார். கிடைத்த நாட்களைப் பயன்படுத்துவதே நம் கடன். உடல்நலமுள்ள முதியோரையே பத்து நாள் படுக்கையில் இருத்திச் சோதித்தபோது, கால்களினின்று மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது என்று 2007-இல் வெளியிட்டனர். நோயுற்றோர்க்கு எத்துணைக் குறையும் என்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர் இசைவு பெற்று, காலை மாலை நடப்பீர்களாக. நம் ஊரார் கிரிவலத்தினால் நடைக்குப் பழகியவர், அது பெரும்பேறு. ஆனால் நடை மட்டும் போதாது. நாற்காலியினின்று பத்து முறை எழுந்தமர்தல், கைப்பிடி பற்றிப் படியேறுதல், நீர் நிறைந்த ஒரு லிட்டர்ப் புட்டியை இரு கைகளிலும் மாறி மாறித் தூக்குதல் ஆகியவற்றை நாள்தோறும் இருமுறை செய்தல் நன்று. மூச்சை அடக்கிக்கொண்டு செய்யலாகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் கண்டால் உடனே நிறுத்துக. எலும்பிற் பரவிய புற்றுநோயுடையாரும், இரத்தம் மிகக் குறைந்தாரும் மருத்துவரைக் கேளாது எதையும் தூக்கலாகாது.

இரண்டாவது உணவு. நோயாளிக்குக் கஞ்சி என்பது நம் வழக்கம். ஒரு குவளைக் கஞ்சியில் பெரும்பகுதி நீரே. புற்றுநோயாளர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவிற்கு 1 கிராமுக்குக் குறையாமல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும் என்பர். 50 கிலோ எடையுள்ள அம்மையார்க்கு அது 50 முதல் 75 கிராம் ஆகும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு குவளைப் பாலில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 10 கிராம். கெட்டியாகக் கடைந்த பருப்பில் 6, 7 கிராம். மீனும் கோழியும் உண்போர்க்கு இது எளிது. மரக்கறி உண்போர்க்கும் இயலாததன்று. நம் ஜில்லாவே வேர்க்கடலை விளையும் பூமியாயிற்றே! ‘பருப்பு உண்டால் புண்ணில் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது’ என்று பத்தியம் கூறுவோர் சொல்லைக் கேட்டு, புண் ஆறுதற்கு வேண்டிய பொருளையே விலக்குகின்றோம். சிறுநீரக நோயுடையார் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். தாய்மார்களுக்கு ஒரு சொல். வீட்டில் யாவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தால், நம் முதிய பெண்டிரின் குதிர் ஆண்டுதோறும் வற்றுகின்றது. அவர்களை முதற் பந்தியில் அமர்த்துங்கள்.

மூன்றாவது மூச்சும் புகையிலையும். அறுவைக்கு நான்கு வாரத்திற்கு முன்னரேனும் புகையை விட்டால் சிக்கல்கள் குறையும். வாய்ப்புற்றுக்கு வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் காரணமாதலின் அதனையும் விடுக. மூன்று பந்துகள் எழும்புமாறு மூச்சை உள்ளிழுக்கும் சிறு கருவியை மருத்துவமனையில் தருவர். அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், தந்த நாள் முதலே பழகுக.

நான்காவது வாய்மை. தந்தைக்கு நோயின் பெயரைச் சொல்லாமல் மறைப்பது நம் குடும்பங்களில் பெருவழக்கு. தம் நோய் இன்னதென்று அறியாதவர் எதன் பொருட்டுப் பயிற்சி செய்வார்? எதன் பொருட்டுக் கசந்த வாயோடு முட்டையை விழுங்குவார்? வள்ளுவர் வைத்தியத்தை நான்கு உறுப்பாகப் பகுத்து, அவற்றுள் நோயாளியை முதலிலும், அருகிருந்து பேணுவாரை இறுதியிலும் வைத்து, நால்வரையும் ஒருங்கே எண்ணினார். முதல் உறுப்பையே இருளில் வைத்துவிட்டு, மற்ற மூன்றும் ஓடியாடிப் பயன் என்? உகந்த நேரத்தில், மருத்துவர் துணையோடு, மெல்ல உண்மையைக் கூறுங்கள். நம் பெரியோர் நாம் நினைப்பதினும் உரமுடையவர்.

ஐந்தாவது, அறுவைக்குப் பின். டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் கேலெட் என்பார் 1990-களில், வலியை நன்கு தணித்து, விரைவில் உண்பித்து, விரைவில் எழுப்பி நடத்தும் முறையைப் பரப்பினார். இன்று அது பல நாடுகளில் நிலைத்துள்ளது. செவிலியர் மறுநாளே எழுப்பி உட்காரவைத்தால், “ஐயோ, பச்சை உடம்பு” என்று தடுக்காதீர்கள். வலி மிகுந்தால் நடையை நிறுத்தாமல், வலிக்கு மருந்து கேளுங்கள். வீடு திரும்பியபின்னும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டுக. 2021-இல் நம் மாநிலத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், இல்லத்திற்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் ஓர் அங்கமாக வகுக்கப்பெற்றது. இத்தகைய உதவிகளை ஆரம்ப சுகாதார நிலையத்திற் கேட்டறிந்து பெறுக.

அங்கத்தினர்களே! முதியோர் மருத்துவத்தில் நம் தமிழ்நாடு பின்தங்கியதன்று. டாக்டர் வி. எஸ். நடராசன் அவர்கள் 1978-இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கெனப் பட்டமேற்படிப்பும் ஏற்பட்டது. கிண்டியில் முதியோர்க்கென 200 படுக்கைகளுள்ள தேசிய நிலையம் 2024-இல் திறக்கப்பெற்றது. அரசினரும் அறிஞரும் தம் பங்கைச் செய்கின்றனர். நம் சங்கம் செய்யத்தக்கது யாது?

மூன்று விண்ணப்பங்களை இச்சபையின்முன் வைக்கின்றேன். ஒன்று, கைப்பிடி அளக்கும் கருவியொன்றை வாங்கி நம் சங்கக் கட்டடத்தில் வைத்து, ஆண்டிற்கொருமுறை அறுபது கடந்த அங்கத்தினர் யாவர்க்கும், சிறப்பாகப் பெண்டிர்க்கு, அளந்து குறித்துக் கொடுத்தல். குறைந்தவரை மருத்துவரிடம் அனுப்புதல். இரண்டு, சிகிச்சைக்குக் காத்திருக்கும் முதியோர் இல்லங்களுக்கு நம் இளைஞர் இருவர் இருவராக மாலைதோறும் சென்று அவர்களோடு நடத்தல். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையிலிருக்க, இங்கே தனித்திருக்கும் முதியோர் பலர். அவர்க்கு இது மருந்தினும் மேலாகும். மூன்று, உபகாரச் சம்பளம் கொடுக்குங்கால், இயன்முறை மருத்துவம் பயில விரும்பும் நம் மாணவ மாணவியரையும் நினைவிற் கொள்ளுதல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா; ஒரு திருமணப் பந்தலுக்குச் செலவிடுவதிற் சிறுபகுதியே போதும்.

வயது எத்தனை என்று கேட்டு, விரலை மடக்கி, ஒருவரைக் கைவிடாதீர்கள். எழுந்து நிற்க இயலுமா, எத்துணை நேரமாகும், நேற்றினும் இன்று எளிதா என்று கேளுங்கள். அறுவைக்கு நாள் குறித்த முதியவர் உங்கள் வீட்டில் இருப்பின், நாளைக் காலை அவர் கையைப் பற்றித் தெருமுனை வரையேனும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கொடுங்கள். அவர் குதிரில் அன்று ஒரு மரக்கால் நெல் சேர்ந்தது என்று கொள்ளலாம்.